ஒரே குளத்து நத்தைகள், ஒன்றுக்குள் புழு இருக்கிறது மற்றதற்குள் இல்லை: பரம்பரையலகுதான் காரணமா?

மாரிமழை எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன், இப்போது செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் நேரம். சிஸ்டோசோமா என்ற குருதிநாளப் புழு பற்றி வாசிக்கத் தொடங்கி அதிலேயே நின்றுவிட்டேன். உயர்தரத்தில் நாங்கள் படித்தது ஒரு வாழ்க்கை வட்டம் மட்டும்தான்: நோயாளியின் மலத்தோடு அல்லது சிறுநீரோடு முட்டை தண்ணீருக்குப் போகும், அதிலிருந்து மிராசிடியம் என்ற குடம்பி வெளிவந்து நன்னீர் நத்தைக்குள் புகும், உள்ளே பெருகிச் செர்க்கேரியா என்ற அடுத்த குடம்பியாக வெளியே வந்து, தண்ணீரில் இறங்குகிற ஆளின் தோலைத் துளைக்கும். அந்தப் படத்தில் நத்தைக்கு ஒரு அம்புக்குறி, அதோடு சரி.

ஆனால் ஆய்வுக்கட்டுரைகளைப் பார்த்தால், ஒரே இன நத்தைகளை ஒரே பாத்திரத்தில் வைத்து ஒரே அளவு மிராசிடியத்தை விட்டாலும் சிலதுக்குள் புழு செழித்து வளர்கிறது, சிலது ஓரிரு நாளிலேயே அதைக் கொன்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். இது மெண்டலின் விதிப்படி பிள்ளைகளுக்குக் கடத்தப்படுகிற இயல்பா? அப்படியென்றால் எதிர்ப்புள்ள நத்தைகளை வளர்த்துக் குளங்களில் விட்டாலே நோய் நின்றுவிடாதா? ஏன் ஒருவரும் அதைச் செய்து முடிக்கவில்லை?

இன்னொன்று. மாரியில் எங்கள் பக்கத்து வயல் வாய்க்கால்களிலும் வெள்ளம் நிற்கிற பள்ளங்களிலும் தட்டையாகச் சுருண்ட, மண்ணிறமான நத்தை நிறையக் கிடைக்கிறது. நசுங்கினால் சிவப்பாக வடிகிறது. இது ஆபிரிக்காவில் நோய் பரப்புகிற நத்தையின் சொந்தமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அலைகரை எழுதியது:

தங்கச்சி, நல்ல கேள்வி. நான் நத்தை ஆய்வுகூடத்தில்தான் வேலை செய்கிறேன் (நாட்டுக்கு வெளியே), அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பரம்பரையலகு காரணம்தான். அதை முதலில் ஒழுங்காகக் காட்டியவர் நியூட்டன், 1953 இல். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த பயோம்பலாரியா கிளாப்ராட்டா நத்தைக்குள் புழு இலகுவாக வளரும், பிரேசிலிலிருந்து வந்த ஒரு வம்சத்துக்குள் வளராது. இரண்டையும் கலந்து பிள்ளைகளைச் சோதித்தார். கேட்க இலகுவாக இருக்கும், ஆனால் இந்த நத்தை இருபாலி, துணை கிடைக்காவிட்டால் தன்னைத்தானே கருக்கட்டிக்கொள்ளும். முட்டை வைத்திருக்கிறது என்றால் அது கலப்பில் வந்ததா தற்கருக்கட்டலில் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? அதற்கு நிறமில்லாத வெளிறிய நத்தைகள் உதவின. நிறமின்மை பின்னிடைவான இயல்பு. வெளிறிய தாய்க்குக் கறுப்புப் பிள்ளை பிறந்தால் அது வேறு தகப்பனின் பிள்ளை, சந்தேகமே இல்லை. நத்தைப் பிறப்புரிமையியலில் இன்றுவரை பிரயோசனப்படுகிற முறை இது.

பிறகு 1970களில் ரிச்சர்ட்ஸ் என்பவர் இன்னும் ஆழமாகப் போனார். வளர்ந்த நத்தையில் எதிர்ப்பு, ஆட்சியுடைய ஒற்றைப் பரம்பரையலகு போல நடந்துகொண்டது, அதாவது மெண்டலின் விகிதம் வந்தது. குஞ்சு நத்தையில் அப்படி இல்லை, பல பரம்பரையலகுகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதனால் வயதைச் சொல்லாமல் "இந்த வம்சம் எதிர்ப்புள்ளது" என்று எழுதினால் அந்த வசனத்துக்கு அரைவாசி அர்த்தம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது? எதிர்ப்புள்ள நத்தையின் குருதிக்கலங்கள் புழுவின் ஸ்போரோசிஸ்டை (மிராசிடியம் நத்தைக்குள் எடுக்கிற அடுத்த வடிவம்) சுற்றி ஒட்டி, ஐதரசன் பேரொட்சைட்டை விட்டுக் கொல்கின்றன. அந்தப் பேரொட்சைட்டை உண்டாக்குகிற சூப்பர் ஒட்சைட்டு டிஸ்மியூட்டேஸ் நொதியத்தின் ஒரு எதிருரு (ஒரே பரம்பரையலகின் மாற்று வடிவம்) இருந்தால் எதிர்ப்புக் கூடுகிறது. அதற்கு முதல், வந்திருப்பது அந்நியன் என்று அடையாளம் காண வேண்டும். நத்தைக்கு எங்களைப் போலப் பிறபொருளெதிரி கிடையாது. ஆனால் ஃபிரெப் என்று சுருக்கிச் சொல்கிற ஒரு புரதக் குடும்பம் இருக்கிறது, ஒரு தனி நத்தையின் உடற்கலங்களிலேயே அதன் பரம்பரையலகுகள் மாறி மாறிப் பல வடிவம் எடுக்கின்றன. 2004 இல் இது வெளியானபோது, முள்ளந்தண்டில்லாத ஒரு உயிரி இப்படிச் செய்யுமா என்று துறைக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 2015 இல் கரிபியன் தீவான குவாதலூப்பின் நத்தைகளில், பத்து இலட்சம் எழுத்துக்கும் குறைந்த நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. பகுதியைக் கண்டுபிடித்தார்கள். அதன் ஒரு வடிவம் ஒரு பிரதி இருந்தாலே போதும், தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. 2017 இல் பயோம்பலாரியாவின் முழு மரபணுத்தொகையும் வெளிவந்தது, கிட்டத்தட்ட 91 கோடி எழுத்து.

இப்போது உங்கள் "ஏன் செய்து முடிக்கவில்லை". எதிர்ப்பு நத்தைக்குள் மட்டும் இருக்கிற சொத்து என்று நினைப்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. அது பூட்டும் திறப்பும் போல, இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு ஊர்ப் புழுவை அடியோடு கொல்கிற நத்தை, இன்னொரு ஊரிலிருந்து வந்த அதே இனப் புழுவுக்குக் கதவைத் திறந்துவிடும். பிரேசிலில் பரான்ஸேயும் கொர்ரேயாவும் 1963 இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். நீங்கள் விடுகிற எதிர்ப்பு நத்தை இன்றைய புழுவுக்கு எதிரானது, புழுவும் மாறும்.

அடுத்தது, இயற்கையில் எதிர்ப்பு ஏன் தானாகப் பரவவில்லை? புழு புகுந்த நத்தை பெரும்பாலும் முட்டை வைப்பதையே நிறுத்திவிடும், ஆகவே எதிர்ப்பு பெரிய இலாபம் என்றுதான் தோன்றும். ஆனால் பெரும்பாலான நீர்நிலைகளில் தொற்றுள்ள நத்தை நூற்றுக்குச் சிலதுதான். மற்றவை புழுவைச் சந்திப்பதே இல்லை. சந்திக்காத எதிரிக்காகக் காவல் வைத்திருப்பதற்கும் ஒரு செலவு உண்டு: ஆய்வுகூடத்தில் தெரிந்தெடுத்து வளர்த்தபோது எதிர்ப்புள்ள வம்சங்கள் குறைவாகவே பெருகின. அதனால் அந்த எதிருரு கூடவும் மாட்டாது, முற்றாக அழியவும் மாட்டாது.


வயல்வரம்பு எழுதியது:

பிள்ளை, நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை, அராலிப் பக்கம் வயல் செய்கிறவன். நீங்கள் சொல்கிற அந்தத் தட்டை நத்தையை எனக்கு நல்லாத் தெரியும். மழைக்குப் பிறகு தண்ணீர் நின்று, மாடு மேய்கிற தரவைப் பக்கத்துத் தண்ணீரும் வயலுக்குள் வந்தால் புல்லுப் பிடுங்க இறங்கும்போது முழங்காலுக்குக் கீழே தோல் கடித்து அரிக்கத் தொடங்கும். இரவில் நித்திரை இல்லை. சின்னச் சின்னச் சிவப்புப் பருவாக வந்து ஒரு கிழமையில் போகும், அடுத்த முறை இறங்கினால் இன்னும் கடுமையாக வரும். ஒரு இடத்தில் காட்டினேன், உரத்தால் வந்த ஒவ்வாமை என்று சொல்லி ஒரு லோஷன் தந்து அனுப்பிவிட்டார்கள். உரம் போடாத வயலிலும்தான் வருகிறது. இதற்கும் நத்தைக்கும் தொடர்பு இருக்கிறதா? எங்கள் உடம்புக்குள் புழு இருக்குமா? வேலைக்கு வருகிற பெண்கள் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.


பட்டிமாடு எழுதியது:

ஐயா, நான் மிருக வைத்தியர், வடக்கில்தான் வேலை. நேரில் பார்க்காமல் அறுதியாகச் சொல்லக்கூடாது, ஆனால் நீங்கள் சொல்கிற அடையாளம் எல்லாம் செர்க்கேரியாத் தோலழற்சியோடு ஒத்துப்போகிறது. இலங்கையில் வயல்வேலை செய்கிறவர்களில் இது பதிவாகியிருக்கிறது.

அந்த நத்தையின் பெயர் இந்தோபிளனோர்பிஸ் எக்சஸ்டஸ். மாரிமழை கேட்டதற்கும் இதுவே பதில்: பயோம்பலாரியாவின் அதே குடும்பம்தான், ஆபிரிக்காவில் சிறுநீர்ப்பைப் புழுவைப் பரப்புகிற புலைனஸுக்கு இன்னும் நெருங்கிய சொந்தம். இந்தக் குடும்பத்தின் குருதியில் ஈமோகுளோபின் இருப்பதால்தான் நசுங்கினால் சிவப்பு வடிகிறது. இது காவுகிற சிஸ்டோசோமாக்கள் மாடு, எருமை, ஆடு இவற்றுக்கு உரியவை. சிஸ்டோசோமா ஸ்பின்டாலே குடல் பக்கத்து நாளங்களில் இருக்கும், முட்டை சாணத்தோடு வரும். சிஸ்டோசோமா நேசாலே மூக்கின் நாளங்களில் இருந்து மூக்கை அடைத்து, மாடு குறட்டை விடுவது போல மூச்சுவிடும், முட்டை மூக்குச்சளியோடு வந்து தண்ணீர் குடிக்கும்போது குளத்தில் கலக்கும். கன்று மெலிந்து, பால் குறைந்து, காரணம் தெரியாமல் விற்றுவிடுகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதைப் பற்றி எங்கே கதைத்தாலும் வந்து எழுதுகிறேன்.

உடம்புக்குள் புழு இருக்குமா என்று கேட்டீர்கள். மாட்டுப் புழுவின் செர்க்கேரியா மனிதத் தோலைத் துளைக்கும், ஆனால் பெரும்பாலும் அந்தத் தோலுக்குள்ளேயே செத்துவிடும். செத்த புழுவுக்கு உடம்பு காட்டுகிற எதிர்ப்புத்தான் அந்தக் கடி. திரும்பத் திரும்ப இறங்க உடம்பு அதைக் கெதியாக அடையாளம் காண்கிறது, அதனால் கடுமை கூடுகிறது. மனிதருக்குள் முதிர்ந்து முட்டை வைக்கிற சிஸ்டோசோமா இலங்கையில் நிலைகொண்டதாக இல்லை. வேலைக்கு வருகிறவர்களுக்குத் தைரியமாகச் சொல்லுங்கள். றப்பர் பூட்ஸ் போடலாம், கரையேறியவுடன் காலை நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் அழுத்தித் துடைக்கலாம், மாடு இறங்கும் தண்ணீரை வயலுக்குத் திருப்பாமல் விடலாம்.

ஆனால் ஒன்று. கடியோடு காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வயலில் இறங்கியதையும் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலுக்கு உயிர்கள் போனதை மறக்கக்கூடாது.


வயல்வரம்பு எழுதியது:

நன்றி ஐயா, இவ்வளவு விளக்கமாக ஒருவரும் சொல்லவில்லை. நத்தையைத் தின்னத் தாரா விட்டால் என்ன? சிலர் அப்படிச் சொல்கிறார்கள்.


பட்டிமாடு எழுதியது:

தாரா நத்தையை நன்றாகத் தின்னும். ஆனால் தாராவுக்கும் தனியான சிஸ்டோசோமாக்கள் இருக்கின்றன, வேறு நத்தைகள் வழியாகப் பரவுகின்றன, அவற்றின் செர்க்கேரியாவும் மனிதருக்கு இதே கடியைத் தரும். ஒன்றைக் குறைக்கப் போய் மற்றதைக் கொண்டுவரக்கூடாது. முதலில் எந்த நத்தையில் எந்தப் புழு என்று பார்ப்போம், மாரிமழை போன்ற பிள்ளைகள் அதைச் செய்தால் எங்களுக்கு எவ்வளவோ உதவி.


மாரிமழை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, நான் நினைத்ததைவிட விஷயம் பெரிது. அக்கா, இரண்டு கேள்வி. ஜீன் டிரைவ் (ஒரு பரம்பரையலகு வழமையைவிடக் கூடுதலான பிள்ளைகளுக்குப் போகும்படி செய்யும் முறை) மூலம் எதிர்ப்பை நத்தைக் கூட்டம் முழுக்கப் பரப்பலாம் என்று வாசித்தேன், அது சரிவருமா? மற்றது, மனிதப் புழு இங்கே இல்லை என்றால் இந்த நத்தையை மனிதநோய்க் கோணத்தில் படிப்பதில் நியாயம் இருக்கிறதா? என் மேற்பார்வையாளர் இதைத்தான் கேட்பார்.


அலைகரை எழுதியது:

ஜீன் டிரைவ் பற்றி 2019 இல் இருந்தே எழுதுகிறார்கள், கணித மாதிரிகளும் வந்திருக்கின்றன. டிரைவ் பரவ வேண்டுமென்றால் இரண்டு நத்தை கலக்க வேண்டும், தற்கருக்கட்டல் கூடிய இனத்தில் அது மெதுவாகும். சிறுநீர்ப்பைப் புழுவைக் காவுகிற புலைனஸ் ட்ரன்காட்டஸை எடுங்கள், அது நான்மடியம் (நிறமூர்த்தத் தொகுதி நான்கு பிரதி), நிறமூர்த்தங்கள் 72, பெரும்பாலும் தற்கருக்கட்டல்தான். அங்கே கலப்பை நம்பி ஒரு திட்டம் போட முடியாது. நான் இந்த வழியை மூடச் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்குத் தண்ணீரில் இறங்குகிற பிள்ளைக்கு அது உதவாது, அவளுக்கு பிரசிகுவாண்டல் குளிசையும் மலசலகூடமும் சுத்தமான தண்ணீரும்தான் வேண்டும். யப்பான் ஒன்கோமெலானியா நத்தையின் பரம்பரையலகைத் தொடாமலே நோயை ஒழித்தது, வாய்க்கால்களுக்குச் சீமெந்து பூசி நத்தைக்கு இருக்க இடமில்லாமல் செய்தார்கள், கூடவே நோயாளிகளுக்கு மருந்தும் கொடுத்தார்கள். மறுபக்கம் செனகலில் 1986 இல் டியாமா அணை கட்டி முடிய, கடல்நீர் ஏறுவது நின்றது, நத்தையைத் தின்னும் ஆற்று இறால் மேலே வர முடியாமல் போனது, சில வருடங்களில் றிச்சார் தோல் என்ற ஊர்ப் பக்கம் முழுக்க நோய். நன்னீர் சேமிக்க அணை கட்டும் எந்த ஊரும் அதை வாசிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு உங்கள் மேற்பார்வையாளரிடம் மூன்று இடத்தைச் சொல்லுங்கள். மகாராஷ்டிராவில் இரத்தினகிரி மாவட்டத்தின் கிம்வி கிராமம்: 1950களில் அங்கே சிறுநீரில் இரத்தம் போகிற சிஸ்டோசோமா நோய் கண்டுபிடிக்கப்பட்டது, ஃபெரிசியா என்ற சின்ன நத்தையை அதன் காவி என்றார்கள். இந்தியாவில் இல்லவே இல்லை என்று இருந்த நோய். அடுத்தது பிரான்சின் கோர்சிக்காத் தீவு, 2013 இல் கவு ஆற்றில் குளித்தவர்களிடம் நோய் கண்டார்கள், நூறுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று. புழுவின் டி.என்.ஏ.யைப் பார்த்தால் மனிதப் புழுவும் மாட்டுப் புழுவும் கலந்த கலப்பினம், செனகல் பக்கத்திலிருந்து ஒரு பயணியோடு வந்திருக்க வேண்டும். பொருந்துகிற புலைனஸ் ஆற்றில் ஏற்கெனவே இருந்தது, அவ்வளவும் போதுமாக இருந்தது. மூன்றாவது ஹொங்கொங், 1970களில் தென்னமெரிக்க பயோம்பலாரியா அங்கே வந்து குடியேறி, இப்போது தென்சீனாவிலும் இருக்கிறது, மீன்தொட்டிச் செடிகளோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் மீன்தொட்டிக் கடைகள் இருக்கின்றன, அவற்றின் தொட்டி நத்தைகளை ஒரு முறையாவது பார்க்க வேண்டாமா?

இதைவிட எனக்கு ஆசையான கேள்வி உங்கள் காலடியிலேயே இருக்கிறது. இந்தோபிளனோர்பிஸ் இவ்வளவு காலமும் ஒரே இனம் என்றுதான் எழுதினார்கள். டி.என்.ஏ. பார்த்தால் ஒன்றுக்கொன்று மிகத் தூரமான பல கிளைகள், நேபாளத்திலேயே ஒன்றுக்கு மேல் கிடைத்தன. யாழ்ப்பாணத்தில் இருப்பது எந்தக் கிளை? யோசித்துப் பாருங்கள், ஆறு இல்லாத ஊர், வழுக்கியாற்றிலும் மாரியில்தான் தண்ணீர். கோடையில் குளம் வற்ற நத்தை சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், தப்பிய சிலது அடுத்த மாரியில் தற்கருக்கட்டியும் கலந்தும் குளத்தை நிரப்பும். இப்படி வருடா வருடம் நடந்தால் ஒரு குளத்துக்குள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரியாகவும், குளத்துக்குக் குளம் வேறாகவும் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். வெள்ளம் எல்லாவற்றையும் கலந்துவிட்டால் என் ஊகம் பிழையாகிவிடும். இரண்டில் எது என்று தெரிந்தால், எந்தக் குளத்து நத்தை எந்தப் புழுவுக்குத் திறக்கும் என்று கேட்கத் தொடங்கலாம்.

ஒரு எச்சரிக்கை, உங்கள் தலைப்பிலேயே இருக்கிறது. குளத்தில் பிடித்த நத்தைக்குள் புழு இல்லை என்றால் அது எதிர்ப்புள்ள நத்தை என்று எழுதிவிடாதீர்கள். ஒரு மிராசிடியமும் அதைச் சந்திக்காமல் இருந்திருக்கலாம், அல்லது புழு உள்ளே இருந்தும் செர்க்கேரியா வெளிவரும் பருவம் வரவில்லை, அதற்குச் சில கிழமை எடுக்கும். எதிர்ப்பு என்று சொல்ல வேண்டுமென்றால் புழுவில்லாத குஞ்சுகளை வளர்த்து, எண்ணிக் கணக்கு வைத்து மிராசிடியம் விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முட்டை வேண்டும், இங்கேதான் பட்டிமாடு அண்ணையைப் பிடியுங்கள்.


பட்டிமாடு எழுதியது:

தாராளமாக. சாணமும் மூக்குச்சளியும் நான் எடுத்துத் தருகிறேன், மாட்டுக்காரர்களிடம் நானே கதைக்கிறேன். முட்டை இருக்கிறதா என்று முதலில் இங்கேயே நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டுத்தான் தருவேன், ஸ்பின்டாலேயின் முட்டை நீண்டு ஒல்லியாக நுனியில் முள்ளோடு இருக்கும், பார்த்தால் பிழை வராது.


மாரிமழை எழுதியது:

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வயல்வரம்பு ஐயா, உங்கள் வயல் வாய்க்காலில் நத்தை எடுக்க வரலாமா? அக்கா, களத்தில் நான் பிழைவிடக்கூடிய இடங்களைச் சொல்லுங்கள்.


வயல்வரம்பு எழுதியது:

எப்போதும் வாங்கோ பிள்ளை. வடக்குப் பக்கத்து வாய்க்காலில் கூட இருக்கும், மாடு இறங்குகிறது அதில்தான். வெறுங்காலோடு இறங்க வேண்டாம், நான் பூட்ஸ் தருகிறேன்.


அலைகரை எழுதியது:

நீள்கைப்பிடி வலையும் கையுறையும் கட்டாயம். நத்தைகளை ஒவ்வொன்றாகச் சின்னக் கண்ணாடிக் குவளைகளில், குளோரின் இல்லாத தண்ணீரில் வைத்து, காலையில் வெளிச்சத்துக்குக் கீழே சில மணித்தியாலம் விடுங்கள். வால் இரண்டாகப் பிளந்த செர்க்கேரியா நீந்துவதைக் கைவில்லையாலேயே காணலாம், இனத்தைச் சொல்ல மட்டும் டி.என்.ஏ. வேண்டும். அந்தத் தண்ணீரில் விரல் வைக்கக்கூடாது, வேலை முடியக் கொதிக்க வைத்து ஊற்றுங்கள்.

நத்தையின் டி.என்.ஏ.க்குப் பாதத்தின் நுனியில் ஒரு துண்டு மட்டும் வெட்டுங்கள். புழு பெருகுகிறது சமிபாட்டுச் சுரப்பியில், அதைச் சேர்த்து அரைத்தால் இரண்டு டி.என்.ஏ.யும் கலந்து குழப்பும். புழுவைத் தேடும்போது சுரப்பியைத் தனியாக எடுங்கள். நத்தையின் சளி பி.சி.ஆரைக் கெடுக்கும், ஆகவே சாதாரண கிட்டை நம்பாமல் சிடாப் (CTAB) என்ற இரசாயன முறையில் பிரித்தெடுங்கள், மலிவும் கூட. எத்தனாலில் போடும்போது நத்தை ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டால் எத்தனால் உள்ளே போகாது, முதலில் மெந்தோல் தூள் போட்ட தண்ணீரில் விட்டுத் தளர விடுங்கள், அல்லது ஓட்டை மெதுவாக உடையுங்கள். ஒரு நாள் கழித்து எத்தனாலை மாற்ற வேண்டும். குளத்தின் பெயரையும் திகதியையும் பென்சிலால் எழுதி அந்தத் துண்டைப் போத்தலுக்குள்ளேயே போடுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.